காத்தாயி பெரியம்மாவின் மஞ்சள் கயிறு

ஈப்போவுக்கு வெளியே புதிதாக எழும்பியிருக்கும் பேரங்காடியில் பூசைச் சாமான் கடையைத் தாண்டும்போது மஞ்சள் கயிற்றின் வாசம் வந்து என்னை நிறுத்திவிட்டது. இதே இடத்தில்தான் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் காத்தாயி பெரியம்மா இருந்தார்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட அவர் புருஷனை லாரியில் ஏற்றிப் போனார்களாம். போனவர் திரும்பவுமில்லை, செத்தார் என்று வந்து சொல்லவும் ஆளில்லை. ஆடி மாதம் லயத்துப் பெண்கள் குழாயடியில் கூடித் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். மஞ்சள் இழைக்கும் சத்தமும், ஈரச்சேலைகளும், ரப்பர் பால் வாளிகளின் புளித்த வாடையுமாக இருக்கும் அந்தக் காலையில் பெரியம்மாவுக்குத்தான் முதல் கயிறு. அதை யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

தோட்டத்தை விற்றதும் எல்லாரும் டவுனுக்கு மாறினோம்.

"வாங்கக்கா, போலாம்," என்று அம்மா கெஞ்சினாள்.

"நீங்க போங்கலா. அவரு வந்தா இந்த வீட்டத்தானே தேடுவாரு?"

அந்த வீட்டிலேயே அவர் கண்ணை மூடினார். அம்மா போய்ப் புதுக்கயிறு கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து அனுப்பிவைத்தாள்.

இன்று கார் நிறுத்துமிடத்தில், லயம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று சுற்றிச் சுற்றி நடந்தேன். காவலாளி கிட்டே வந்தார்.

"என்னாக்கா தேடுறீங்க? காரா?"

"வீடு," என்றேன்.

"இங்க ஏதுக்கா வீடு? யாருமே இருந்ததில்லலா."