எட்டுப் பொதிக்கும் ஒரே பெயர்

பதுளை பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பாத்திரக்கடை உண்டு. குடமும் குத்துவிளக்கும் விற்கிற மேசையிலேயே என் மடிக்கணினியும் இருக்கும். ஆள் வராத நேரத்தில் அதில் நான் பார்க்கிற வேலைக்கும் கடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுக்கிற ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதற்குத் தேவையான தமிழ் மென்பொருட்களைப் பொதிபொதியாகக் கட்டி அனுப்புவதுதான் அந்த வேலை.

எழுத்துரு, விசைப்பலகை, பிழைதிருத்தி என்று மொத்தம் எட்டுப் பொதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். குறை சொல்கிறவர்கள் அவருக்குத்தான் எழுதுவார்கள். பதில் சொல்ல ஆளில்லாத பொதியை, புதிய பதிப்பு வெளிவருமுன் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள்.

நாங்கள் நான்கு பேர். ஸ்பிரிங்வெளியில் கணினி திருத்துகிற தம்பி ஒருவர், கொஸ்லந்தையில் தேயிலை ஃபேக்டரி கிளார்க் ஒருவர், மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணினி படிப்பிக்கிற டீச்சர், பிறகு நான். யாருக்கு எந்தப் பொதி என்று பிரிக்க ஒரு சனிக்கிழமை எங்கள் கடையில் உட்கார்ந்தோம். "எதுக்குங்க அண்ணே பிரிக்கணும்? உங்க பேரையே எல்லாத்துக்கும் போடுங்க" என்றார் டீச்சர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தோட்டத்தில் இருபது பேர் கொழுந்தெடுத்தாலும் இன்ன கங்காணியின் ஆட்கள் என்றுதான் பேச்சு. அந்தப் பழக்கத்தை அப்படியே கணினிக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு இடத்தில் நம் பெயர் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக மூன்று கிழமை, இருபத்தொரு நாள், படுத்துக் கிடந்தேன். மெயிலைத் திறக்கிற தெம்பு இல்லை. எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது எட்டுப் பொதிகளும் ஆளில்லாதவை என்ற பட்டியலில் கிடந்தன. மற்ற மூவருக்கும் விஷயமே தெரியாது. கடிதங்கள் எல்லாம் எனக்கல்லவா வந்தன.

மன்னிப்புக் கேட்டு ஏழு பொதிகளை மீட்டுவிட்டேன். எட்டாவதான விசைப்பலகைப் பொதி மட்டும் மாட்டிக்கொண்டது. அதில் டீச்சர் ஒரு மாற்றம் செய்திருந்தார். தமிழுக்கு மாற இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டியிருந்ததை ஒற்றை விசையாக்கியிருந்தார். பதிப்பை வெளியிடும் பொறுப்பில் இருந்தவர், ஏதோ ஒரு தூர நாட்டுக்காரர், இது ஏன் என்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் பொதி இல்லை.

பொதி போனால் எனக்கு மானம் போகும், அவ்வளவுதான். டீச்சருக்கு அப்படியில்லை. அவருடைய பாடசாலையில் இணையம் என்பது பெயருக்குத்தான். புதிய பதிப்பை எங்கள் கடையில் இறக்கி, டிஸ்க்கில் ஏற்றி, பஸ்ஸில் கொண்டுபோய், பத்துப் பழைய கணினிகளிலும் போடுவார். டிஸ்க்கில் இல்லாதது மடுல்சீமைக்கு ஏறாது. அடுத்த பதிப்பு வரும்வரை அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத வழியில்லை.

பயனர்கள் கேட்டதால் மாற்றினோம் என்று அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். எந்தப் பயனர்கள், என்ன கேட்டார்கள் என்று திரும்பி வந்தது. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. டீச்சருக்கு ஃபோன் போட்டேன். சிக்னல் கிடைக்கிற வளைவு வரை நடந்துவந்து பேசினார்.

"ஒரு மெஷின்ல ரெண்டு புள்ளைங்க உக்காருதுங்க அண்ணே. ஒரு கையில எழுதுன கொப்பியைத் தொறந்து புடிச்சுக்கிட்டு, மத்த கையில அடிக்கணும். ரெண்டு பட்டனை ஒன்னா அமுக்க முடியாம, பாதி வரி இங்கிலீஷ்ல விழுந்துடுது. அழுவுதுங்க."

"இதையே எழுதுங்க டீச்சர். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு."

"ஐயோ, நான் எழுத மாட்டேங்க."

"ஏன்?"

 

"பொதி பிரிக்க உக்காந்தோமே, அதுக்கு முந்தி நான் ஒரு மெயில் போட்டேன்ல. நீங்கதானே அண்ணே சொன்னீங்க, இங்கிலீஷ் ரொம்ப மோசமா இருக்கு, இனிமே மெயில் எல்லாம் நான் பாத்துக்குறேன்னு."

சொல்லியிருக்கிறேன். உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னேன், மற்ற இருவருக்கும் முன்னால். பெயர் வேண்டாம் என்று மூவரும் சொன்னதற்குத் தோட்டத்துப் பழக்கம் மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. "நான் சொன்னது தப்பு டீச்சர். மன்னிச்சிருங்க. உங்களுக்கு வர்ற இங்கிலீஷ் போதும்" என்றேன். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஒன்றும் வரவில்லை. குடம் வாங்க வந்த ஓர் அம்மாவுக்குக் குத்துவிளக்கை எடுத்துக் காட்டினேன். பாடசாலை விட்ட பிறகு, இரண்டேகால் போல, எல்லோரும் பார்க்கிற மின்னஞ்சல் குழுமத்தில் டீச்சரின் கடிதம் வந்து விழுந்தது. கொப்பி, இரண்டு பிள்ளைகள், அழுகை எல்லாம் ஐந்து வரியில் இருந்தன. ஐந்திலும் பிழை இருந்தது. எடுத்துத் திருத்த எனக்குக் கை துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் அந்தத் தூர நாட்டுக்காரரின் பதில் வந்தது. இப்போது நன்றாக விளங்குகிறது, பொதி பதிப்பில் இருக்கும், பராமரிப்பாளர் என்று யார் பெயரைப் போடுவது என்று டீச்சரிடமே கேட்டிருந்தார். டீச்சர் என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. தன் பெயரைத்தான் எழுதினார். கடையில் ஆள் நிற்கிறதென்று பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் பத்துக் கணினிகளிலும் போட்டுவிட்டு, அடுத்த கிழமை டீச்சர் கடைக்கு வந்தார். பராமரிப்பாளர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"இல்லங்க அண்ணே. எங்க லயத்து வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோயி அப்பாவுக்குத்தான் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எம் பேருக்கு முன்னால இருக்குற அவரு பேரோட மொத எழுத்தை மட்டும் கண்டுபிடிச்சு, அதுமேல வெரலை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாருங்க."