எழுநூறு டிகிரியில் ஐந்து மணி நேரம்

அந்தக் கம்பெனியில அவளுக்கு உரசலக்கான்னு பேரு. யாரு வச்சாங்களோ, ஒட்டிக்கிச்சு. கடைசி அறையில ஒரு மெஷின். உலோகக் கலவை பூசின எஃகு வட்டை அதுக்குள்ள எழுநூறு டிகிரி சூட்டுல சுத்தவிட்டு, மேல ஒரு ஊசியை அழுத்தித் தேய்க்கணும். தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு எடை, தேய்ச்ச பின்னாடி ஒரு எடை போடணும். பூச்சு எவ்வளவு தேஞ்சுதுன்னு அவதான் சொல்லணும். பத்தொன்பது வருஷமா இதே வேலை. சத்தம் வெளியே போகக் கூடாதுன்னு கதவு எப்பவும் சாத்தியே இருக்கும், யாரும் எட்டிப் பார்க்கிறதும் இல்ல. வாய் ஓயாம பேசக்கூடிய மனுஷிதான், கேக்கத்தான் ஆளில்ல.

வீட்டுலயும் அதே கதைதான். அம்மா போனப்ப தம்பிக்குப் பத்து வயசு, இவளுக்கு இருபத்தஞ்சு. கல்யாணப் பேச்சு வந்தப்பெல்லாம் "இவன் படிச்சு முடிக்கட்டும்"னு தட்டிக் கழிச்சா. அவன் படிச்சான், கல்யாணம் பண்ணினான், இப்போ பெண்டாட்டி பிள்ளைங்களோட வேற நாட்டுக்கே குடிபோறான். திரும்பி வர்ற உத்தேசமே இல்ல. வியாழக்கிழமை நாலு மணிக்கு விமானம். அக்கா முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துட்டா.

புதன் சாயங்காலம் வந்துச்சு பாருங்க வினை! கொதிகலன் வால்வுக்கான பூச்சு ஒண்ணு. தேய்ச்சு எடுத்து எடை போட்டா, குறையல, கூடியிருக்கு! மேனேஜருக்கு வாயெல்லாம் பல்லு. "தேயவே இல்லம்மா. பாஸ்னு எழுதிடுங்க, வெள்ளிக்கிழமை காலையில ரிப்போர்ட் போகணும்."

"சார், சூட்டுல மேல ஒரு படலம் பிடிச்சு எடை ஏறியிருக்கு. அது தேய்மானத்தை மறைக்குது. மறுபடி புதுசா ஒரு வட்டைத் தேய்க்கணும், கூடவே தேய்க்காத வட்டு ஒண்ணையும் அதே சூட்டுல வச்சு, அதுல ஏறின எடையைக் கழிச்சாதான் உண்மை தெரியும்."

"அப்போ நாளைக்கே பார்த்துடுங்க"ன்னுட்டார், லீவு கடிதம் கண்ணு முன்னாடி கிடந்தும்.

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அந்த வால்வு பக்கத்துல ஆள் நிப்பாங்களே! வியாழன் எட்டு மணிக்கே மெஷினைப் போட்டா. சூடேற மூணு மணி நேரம், தேய்க்க அஞ்சு மணி நேரம். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஊசியோட அழுத்தத்தைச் சரிபார்க்கணும், நகர முடியாது.

ஒன்றரை மணிக்குத் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, எங்க இருக்கே? நாங்க உள்ளே போகணும். பிள்ளைங்க அத்தை எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க."

"மெஷின் ஓடுதுடா."

"நிறுத்திட்டு ஓடி வாயேன்க்கா."

"நடுவுல ஆறினா பூச்சு விரிசல் விட்டுடும். அப்புறம் மொத்தமும் பாழ்டா."

"சரிக்கா. உடம்பைப் பார்த்துக்கோ." பிள்ளைங்ககிட்ட கொடுன்னு இவ கேக்குறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. தனியா உக்காந்து நல்லா அழுதா, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அழுத்தத்தையும் பார்த்தா.

ஆற வச்சு எடை போடும்போது மணி ஆறு. கழிச்சுப் பார்த்தா, தேய்மானம் அனுமதிச்ச அளவைவிட மூணு மடங்கு. பாஸ் போட்டிருந்தா கதை கந்தல்தான்! தாளை எடுத்துக்கிட்டு மேனேஜர்கிட்ட ஓடினா. அவர் பையை மாட்டிக்கிட்டு நின்னார்.

"அடடா, இதையா பார்த்துட்டிருந்தீங்க? அந்தப் பூச்சே வேணாம்னு வால்வு கம்பெனிக்காரங்க காலையில ஒன்பது மணிக்கே ஆர்டரை ரத்து பண்ணிட்டாங்களே! உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"என்கிட்ட யாரு சார் பேசுறாங்க?"

மேனேஜர் தலையைச் சொறிஞ்சார். "போறப்ப லைட்டை அணைச்சிடுங்கம்மா"ன்னுட்டுக் கிளம்பிட்டார்.