ஒரு சாண் கூடுதல் நீளம்

மாடி வீட்டுக்குப் புதுக் கார் வந்த அன்று நான் கீழே வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடி வீடு என்றால் யாரோ இல்லை, என் கொழுந்தன் வீடுதான். பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் கீழே நானும் வீட்டுக்காரரும் மகளும் என் மாமியாரான அத்தையும்; மேலே என் ஓரகத்தி. கொழுந்தன் துபாயில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வெள்ளை வெளேரென்று உயரமான வண்டி. திருச்செந்தூரில் பூஜை போட்டு, முகப்பில் சந்தனமும் மாலையுமாக வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்தது அவளேதான். கண்ணில் கறுப்புக் கண்ணாடி வேறு.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன். வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நன்றாகவே எரிந்தது.

விஷயம் காரோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் மகள், பதின்மூன்று வயது, பள்ளிக்கூடப் பையை நடையில் வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடிப்போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சித்தி காரில்தான் போனாள். அதுவரை என் ஸ்கூட்டரில், என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. "அம்மா ஸ்கூட்டர்ல ஒரே சாம்பார் வாடை சித்தி" என்று அவள் சொல்ல, இருவரும் சேர்ந்து சிரித்தது மாடிப்படி வழியாக என் காதுக்கு வந்தது.

வாடை அடிக்காமல் என்ன செய்யும்? வண்ணார்பேட்டையில் நாலைந்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். சாப்பாட்டு அடுக்குகளைப் பாதி ஸ்கூட்டரிலும் மீதி ஆட்டோவிலுமாக ஏற்றிப் போவேன். அந்த வாடையில்தான் அவளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டினேன். ஆனால் அதைச் சொல்லிக் காட்டினால் நான் இன்னும் சின்னவளாகிப் போவேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஓரகத்தி தூங்கும் நேரம் பார்த்து ஈரத்துணியோடு வாசலுக்குப் போனேன். காரைத் துடைக்கிற பாவனையில், பூக்காரி மல்லிகைச் சரத்தை அளப்பதுபோல, முழங்கையை வைத்து முன்னாலிருந்து பின்னால்வரை அளந்தேன். ஒன்பது முழமும் நாலு விரலும் இருந்தது. எதற்கு அளந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். உயரத்தில் அவளை மிஞ்ச முடியாது, விலையில் முடியவே முடியாது. வேறு எதிலாவது முடியுமா என்றுதான் பார்த்திருப்பேன்.

வீட்டுக்காரரிடம் நானும் கார் வாங்கப்போகிறேன் என்றேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். எதற்கும் அதிர மாட்டார்.

"வாங்கு. நீதான் ஓட்டணும். எனக்கு சைக்கிள்தான் தெரியும்" என்றார். கார் ஓட்டக் கற்று எடுத்த உரிமம் ரொம்ப நாளாக என் பீரோவில் கிடந்தது.

வள்ளியூரில் பழைய கார் விற்கிற அண்ணாச்சி ஒருவரைச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். வேப்பமரத்தடியில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அண்ணாச்சி நேராக ஒரு வேனிடம் கூட்டிப்போனார்.

"ஒங்களுக்கு இதாம்மா தோது. கதவை இழுத்தியன்னா பாத்திரம் அப்படியே உள்ள போயிரும்."

நியாயமான பேச்சுதான். அதை வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வேனைக் கொண்டுபோய் அந்த வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மாடி வீட்டுக்காரி கார் வைத்திருக்கிறாள், கீழ்வீட்டுக்காரி சோற்று வண்டி வைத்திருக்கிறாள் என்று தெரு பேசும். "வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்காரர் ஒரு சின்னச் சிவப்புக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பின்னால் திறந்து பார்த்தேன். இரண்டு அடுக்கு வைத்தால் மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

அப்போதுதான் மரத்துக்கு அந்தப் பக்கம், இலையும் தூசியும் மூடி ஒன்று நிற்பதைப் பார்த்தேன். முன்பாதி சாதாரணக் கார். பின்பாதி முடியவேண்டிய இடத்தில் முடியாமல் கூரையோடு நீண்டுகொண்டே போனது. சாம்பல் நிறம்.

"அது ஸ்டேஷன் வேகன்மா" என்றார் அண்ணாச்சி, அவ்வளவாக ஆசை காட்டாமல். "கல்யாண வீட்டுக்குப் போட்டோ எடுக்கவரு ஒருத்தரு வச்சிருந்தாரு. இப்ப யாரு இத வாங்குதா? எல்லாவனுக்கும் ஒசரமால்லா கேக்குது. இஞ்சின் நல்லாருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஏசி மட்டும் நெனச்சா வேலை செய்யும்."

பின்கதவைத் தூக்கினேன். சீட்டை மடக்கினால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். என் கண் அதிலா போனது? நான் முந்தானையைச் செருகிக்கொண்டு முன் விளக்கிலிருந்து அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

"என்னம்மா, பூவா அளக்கிய?" என்று அண்ணாச்சி சிரித்தார்.

ஒன்பது முழம் வந்து, அதற்கு மேல் ஒரு சாணும் நாலு விரலும் இருந்தது. அவளுடையதைவிடச் சரியாக ஒரு சாண் கூடுதல்.

"இதத்தான் வாங்குதேன்" என்றேன்.

நாலு வழிச்சாலையில் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தேன். பிரேக் அழுத்தமாக இருந்தது, இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது, புகை இல்லை. டயரைத் தட்டினேன், இன்சூரன்ஸ் கேட்டேன். எல்லாம் ஊர் மெச்சக் கேட்ட கேள்விகள். முடிவு செய்தது என் முழங்கைதான்.

வீட்டு வாசலில் வெள்ளைக் காருக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து நிறுத்தினேன். பின்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"என்ன, சொர்க்க ரதமா வாங்கிருக்கிய?" என்றார்.

என் மகள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மாடிக்கு ஓடினாள். ஓரகத்தி மட்டும் இறங்கி வந்து, பின்கதவைத் தூக்கி உள்ளே பார்த்து, "எவ்வளவு எடம்க்கா! எனக்கு இப்படி அமையலையே" என்றாள். மனதாரச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று அன்று முழுக்க யோசித்தேன். மனதாரத்தான் சொல்லியிருப்பாளோ என்று நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வண்டி என்னவோ நன்றாக உழைத்தது. தினம் அடுக்குகளை ஒரே நடையில் கொண்டுபோனேன். ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை. வேகத்தடையில் மட்டும் பைய ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் ரசம் ததும்பிவிடும். ஆனால் மகள் இரண்டு தடவைக்கு மேல் ஏறவில்லை. சாம்பார் வாடை இதற்கும் குடிவந்துவிட்டது. காலையில் அவள் வெள்ளைக் காரில் போவதை, காய்கறி வாங்க நான் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போகும்போது கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். சித்தியிடம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கதை சொல்லிக்கொண்டு போவாள். என்னிடம் வீட்டில் மூன்று வார்த்தைதான்: சரி, இல்லை, தெரியாது.

பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எந்தக் குடும்பமும் வீட்டில் இருக்காது. எங்கே பிழைத்தாலும் அவரவர் குலசாமியான சாஸ்தா கோவிலுக்குப் போய்ப் பொங்கலிட்டே ஆகவேண்டும். எங்கள் சாஸ்தா திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் இருக்கிறார். செம்மண் மணல், பனை, நடுவில் கோவில். இத்தனை வருஷம் வேன் பிடித்துப் போவோம். இந்த வருஷம் இரண்டு கார் இருக்கிறதே.

"சாமானெல்லாம் நீள வண்டில ஏத்திருங்க" என்றார் அத்தை.

வெண்கலப் பானை, உருளி, விறகு, தேங்காய் மூட்டை, வாழையிலைக் கட்டு, தண்ணீர்க் குடம் எல்லாம் ஏறின. ஆளெல்லாம் வெள்ளைக் காரில் ஏறினார்கள். அத்தை, மகள், ஊரிலிருந்து வந்த இரண்டு உறவுக்காரிகள். என்னோடு வீட்டுக்காரர் மட்டும், மடியில் பால் பாத்திரத்தோடு. ஒரு சாண் நீளத்துக்கு ஆசைப்பட்டதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

"ஏளா, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க?" என்றார் அவர்.

"பாலைச் சிந்தாம பிடிங்க" என்றேன்.

கோவிலில் இன்னொன்றும் நடந்தது. வருஷா வருஷம் அத்தைதான் பொங்கல் பானையில் கை வைப்பார். இந்தத் தடவை முட்டுவலி, குனிய முடியவில்லை. "சின்னவ இடட்டுமே. அவளுக்கும் ஒரு நேரம் வரட்டும்" என்றார். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்ட ஓரகத்தி மஞ்சள் துணி கொண்டுவந்திருந்தாள். அவள் கையால் பொங்கலிட்டால் சாமி மனமிரங்கும் என்பது அத்தையின் எண்ணம். எனக்கு அது புரியாமலில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"மூத்த மருமக நான் இருக்கேன்லா?" என்றேன்.

ஓரகத்தி அகப்பையை என் கையில் தந்துவிட்டு விலகி நின்றாள்.

பானைப் பக்கம் உட்கார்ந்தேன். வெயில், புகை, பனையோலைச் சரசரப்பு. பால் பொங்கும் நேரத்தில் பனைகளுக்கு நடுவே மகள் வந்து நின்றாள். பத்தடி தூரத்தில் நின்று என்னையே பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. பசியாக்கும் என்று நினைத்தேன். "என்னட்டி?" என்று கேட்டேன். பானையைப் பார்த்தாள், திரும்பினாள், சித்தியிடம் போனாள். சித்தி குனிந்து கேட்டாள். பிறகு அவளை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இருவரும் வெள்ளைக் காருக்குப் பின்னால் போனார்கள்.

நான் இங்கே நெருப்பில் வேகிறேன், அங்கே ஒருத்தி என் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பொங்கல் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் குலவையிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓரகத்தி வந்து, என்னைத் தொடாமல் தள்ளி நின்று, "அக்கா, நம்ம பிள்ள பெரிய மனுஷி ஆயிட்டா" என்றாள்.

அத்தை உடனே, கோவில் எல்லையில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். வெள்ளைக் கார்தான் போகும் என்று நினைத்தேன். ஓரகத்தி மறுத்தாள். "வயித்து வலின்னு சொல்லுதா. அக்கா வண்டிலதான் காலை நீட்டிப் படுக்க முடியும். அக்காவே கூட்டிட்டுப் போகட்டும். நான் எல்லாரையும் பொறவு கொண்டு வாரேன்" என்றாள். காலியான வண்டியில் சீட்டை மடக்கி, பாயை விரித்து, தன் சேலை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்ததும் அவள்தான்.

ஆழ்வார்திருநகரி தாண்டி, ஆற்றோரம் வாழைத்தோட்டங்கள் வந்ததும் அடக்க முடியவில்லை.

"ஏன்ட்டி, எங்கிட்ட வந்து சொல்லத் தோணலையா ஒனக்கு?"



"ஒங்கிட்டதாம்மா வந்தேன்" என்றாள். "நீ சாமி பானைகிட்ட இருந்த. நான் தொட்டா தீட்டாயிரும்லா? பொங்கலைக் கீழ ஊத்தச் சொல்லிருவாங்கன்னு பயந்துட்டேன். சித்தி சும்மாதான் நின்னா. என்னைக் கட்டிக்கிட்டதால அவளும் கோவிலுக்குள்ள போகல. தொட்டில்கூடக் கட்டல."

வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் போய் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன். அகப்பையை ஓரகத்தியிடமே விட்டிருந்தால் பிள்ளை என் நெஞ்சில் வந்து விழுந்திருக்கும். பானையை நானேதான் கேட்டு வாங்கினேன். யாரும் என் தலையில் கட்டவில்லை.

அடுத்த வாரம் சொந்தக்காரர்கள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: முதலில் பார்த்தது யார்? பார்த்தவள் ராசி பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. டவுனிலிருந்து வந்த பெரியத்தை, அத்தையின் அக்கா, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, பத்துப் பேர் நடுவில் கேட்டார்.

"மொதல்ல யாருட்டி பாத்தது?"

ஓரகத்தி காப்பித் தட்டோடு நின்றாள். நிமிராமலே, "அக்காதான் பாத்தாக" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை பெறாதவள் பார்த்தாள் என்று தெரிந்தால் இந்தக் கூடத்தில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான் ஏங்கிக் கிடந்ததை, நான் கேட்காமலே, காப்பியோடு சேர்த்து என் முன்னால் வைத்துவிட்டாள். எடுத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்தப் பெரிய மனசும் அவளிடம்தான் இருக்கவேண்டுமா என்று அப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பாக்கல பெரியத்தை" என்றேன். "அவ சித்திதான் பாத்தா. எம்பிள்ளைய மொதல்ல கட்டிப் பிடிச்சதும் அவதான்."

ஓரகத்தியின் தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பெரியத்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக வந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். வயிறு மட்டும் எரிந்துகொண்டேதான் இருந்தது.