குழந்தை சொரூபம் காணாமல் போனபோது நான் நடத்திய விசாரணை

சென்னையில் ஒரு கல்லூரியில் உளவியல் இளங்கலை சேர்ந்தேன். குற்ற உளவியல் சிறப்புப் பாடம். சேர்ந்த நாளிலிருந்து விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கு நான் பாதி போலீஸ், பாதி மனநல டாக்டர். பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்த அப்பாவிடம் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், "திருடன மூஞ்சியப் பாத்தே புடிக்கிற படிப்பு" என்பார். நான் மறுத்ததில்லை. இன்ஜினியரிங் கிடைக்காத பிள்ளைக்கு எங்கள் ஊரில் வேறு எந்த வழியில் மரியாதை வரும்?

இரண்டாம் ஆண்டு கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தேன். பொய் சொல்கிறவர்களைப் பற்றி அதுவரை ஒரே ஒரு அத்தியாயம் நடத்தியிருந்தார்கள். அதில் பாதி வகுப்புக்கு நான் போகவில்லை. 'இந்த அறிகுறிகளை நம்பாதீர்கள்' என்று சொன்னது அந்தப் பாதியில்தான் என்பது பின்னால் தெரிந்தது.

அந்த வாரம் எங்கள் பங்குக் கோயிலில் குடில் கட்ட அலமாரியைத் திறந்தபோது, பஞ்சு மட்டும் இருந்தது. அதன்மேல் படுத்திருக்க வேண்டிய பீங்கான் குழந்தை இயேசு சொரூபத்தைக் காணோம். அலமாரிச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் பங்குப் பேரவைத் தலைவர். ஊரில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருந்தவர். இன்னொருவர் கோயிலைக் கூட்டித் துடைக்கும் அக்கா. நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்.

போலீஸுக்குப் போனால் கோயில் மானம் போய்விடும் என்று பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தலைவருக்கு அதில் முழுச் சம்மதம். "என்னையும் சேத்து விசாரிக்கட்டும் ஃபாதர். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாராம்.

மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் மேசை போட்டு, நீள நோட்டோடு உட்கார்ந்தேன். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைப் பார்த்துப் பேசினார். எனக்கு டீ வரவழைத்தார். பத்தே நிமிடத்தில், 'நேர்மையானவர்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்த அக்கா தரையைப் பார்த்தார். முந்தானையைத் திருகினார். எச்சில் விழுங்கினார். நிமிடத்துக்கு ஒரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதிக்கொண்டேன். பரீட்சையில்கூட நான் அப்படி எழுதியதில்லை. ஒரே கேள்வியை முன்னும் பின்னுமாகத் திருப்பி இரண்டு மணி நேரம் கேட்டேன்.

கடைசியில் அவர் எழுந்து நின்றார். "ஆமா பாப்பா, நான்தான் எடுத்தேன். இப்ப போவட்டுமா?"

எனக்குள் பட்டாசு வெடித்தது. "எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்கன்னு சொல்லணும், நீயே சொல்லேன்."

கொஞ்சம் மூளை இருந்தவள் அங்கேயே நோட்டை மூடியிருப்பாள். நான், 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதினேன்.

சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சாமியார் அவரை அனுப்பிவிட்டார். அப்பா இரண்டு நாள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இருபத்து நாலாம் தேதி காலை சாமியாரும் அப்பாவும் நானும் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தோம். தலைவர் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தார். "கோயில் குடோன்ல சாக்குக்கு அடியில கெடந்துது ஃபாதர். பயந்துபோயி போட்டுட்டுப் போயிருக்கா." சாமியார் பக்தியோடு குனிந்து, குழந்தையின் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தார். நிமிர்ந்தபோது அவர் உதடு ரோஸ் நிறத்தில் இருந்தது.

அப்பா சொரூபத்தை வாங்கிக் கவிழ்த்து, அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டினார். "இது பழசு இல்லீங்க ஃபாதர். இந்த வாரம் சூளையிலேர்ந்து எறங்குனது. பெயிண்டு கூட காயல."

தலைவர் அப்போதும் கண்ணைப் பார்த்துத்தான் பேசினார். "தொடைக்கும்போது கை தவறி ஒடஞ்சிடுச்சு ஃபாதர். அபசகுனம்னு பேசுவாங்களேன்னு புதுசா ஒண்ணு போட்டுட்டேன்."

சாமியார் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரி, கொழந்த வந்துட்டாருல்ல, வுடுங்க." அன்றைய திருப்பலியில் சொரூபத்தை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தவர் தலைவர்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்த அக்கா வீட்டைத் தேடிப் போனேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்றும் கேட்டேன். கேள்வி கேட்கும் வியாதி அப்போதும் எனக்குத் தீரவில்லை.

"நீ கேட்டுக்கினே இருந்த. அஞ்சு மணி பஸ்ஸ வுட்டா அடுத்தது ஏழுக்குத்தான். கறக்காம மாடு கத்தும். எடுத்தேன்னு சொன்னாத்தான வுடுவ?"

"என் மூஞ்சியப் பாத்து நீங்க பேசவே இல்லையேக்கா."

"உங்கள மாதிரி ஆளுங்க முன்னாடி நாங்க எப்ப நிமிந்து பேசியிருக்கோம்?" வாளியைக் கீழே வைத்தார். "இதுக்கா மெட்ராஸு வரைக்கும் போயி படிக்கிற?"

சாமியார் என்னிடம் கேக் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா அதை வாங்கி, என் கண்ணெதிரேயே மாட்டின் முன் வைத்தார். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டது.

வேலைக்குத் திரும்பச் சொல்லி இரண்டு தரம் ஆள் விட்டார்கள். அவர் வரவில்லை. கடைசி ஆண்டுப் பரீட்சையில் பொய் ஒப்புதல் வாக்குமூலம் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்தது. எடுத்துக்காட்டோடு விளக்கச் சொல்லியிருந்தார்கள். 'ஓர் ஊரில் அனுபவமில்லாத விசாரணையாளர் ஒருவர்' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதினேன். அந்தத் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல்.