சாம்பலில் கிடைத்த பூட்டு

காவல் நிலையத்தில் அவரை நேருக்கு நேர் ஏட்டையா என்பார்கள். முதுகு திரும்பியதும் முசுடு. துப்பறியும் பிரிவில் ஏட்டு. கார்களைவிடக் குதிரை வண்டிகள் அதிகம் ஓடிய காலம் அது.

ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், தீப்பெட்டித் தொழிற்சாலை எரிந்தது. ஒன்பது பெண்கள் கருகிப்போனார்கள். அதில் ஒருத்தி ஏட்டையாவின் கீழ்வீட்டுக்காரி. கதவு திறந்துதான் இருந்தது, பெண்கள்தான் பதறிப்போய் வழி தெரியாமல் நின்றுவிட்டார்கள் என்று மேலாளர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஏட்டையா மண்டியிட்டுச் சாம்பலைச் சலித்தார். வாசல் இருந்த இடத்தில் ஒரு பித்தளைப் பூட்டு கிடைத்தது. கதவின் கொண்டியும் நிலையின் வளையமும் அதில் மாட்டியபடியே, பித்தளை உருகி மூன்றும் ஒட்டிப்போயிருந்தன. வேலை நேரத்தில் யாரும் வெளியே போய்விடக் கூடாதென்று வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்க்கவே மறுத்தார். முதலாளி பெரிய இடம், மேலாளர் எழுதியதற்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ஏட்டையாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலை வீட்டில் வந்து கொட்டினார். மனைவி கடைசிவரை கேட்டாள்.

"என்கிட்ட எதுக்குக் கத்துறீங்க? கையெழுத்துப் போடுறதா இருந்தா, கீழ போய் அவ பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போடுங்க."

அவர் கீழே போகவில்லை. காலையில் பூட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேராக மாஜிஸ்திரேட்டிடம் போய், தன் அறிக்கையைத் தன் கையாலேயே கொடுத்தார்.

விசாரணையில் மேலாளரின் வக்கீல், பூட்டை யாரோ பிறகு மாட்டியிருக்கலாமே என்று இழுத்தார்.

"உருகுறதுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?" என்று கேட்டார் ஏட்டையா. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மேலாளருக்கு ஏழு வருஷம் கிடைத்தது. தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிப் போனார். அடுத்த மாதமே ஏட்டையாவைச் சாதாரண கான்ஸ்டபிளாக இறக்கி முச்சந்தியில் நிறுத்தினார்கள்.

தினமும் முதலாளியின் கார் அந்த வழியாகத்தான் போகும். மற்ற போலீஸ்காரர்கள் சல்யூட் அடிப்பார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காருக்குள் இருப்பவரையே முறைத்துக்கொண்டு நிற்பார். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

"கை தூக்க வரலைன்னு எழுதிக்கோங்க."

பதினோரு வருஷம் அதே முச்சந்தியில் நின்று ஓய்வு பெற்றார். அந்தக் காருக்கு ஒரு நாளும் அவர் கை தூக்கவில்லை.