எல்லாப் படத்திலும் எலும்பு

குடும்ப நீதிமன்றத்தில் அவருக்கு 'மைக்கறை மேடம்' என்று பெயர். மைக்கறைப் படங்களைக் காட்டி, "இது என்ன மாதிரி தெரியுது?" என்று கேட்டு ஆளின் மனதை எடைபோடும் உளவியலாளர். எந்நேரமும் காலில் சக்கரம் கட்டியது போலிருப்பார். வீட்டில் மேசை மேல் தேநீர் சிந்தினால் போதும், கணவர் ஆரம்பித்துவிடுவார்: "எனக்கு இதுல ஆமை தெரியுது. நான் தேறுவேனா?"

மேடத்துக்கு ஒரு வீம்பு உண்டு. வழக்குக் கட்டைத் தொடாமல்தான் மதிப்பெண் போடுவார். ஆளைப் பற்றித் தெரிந்துவிட்டால் கை ஒரு பக்கம் சாயுமாம்.

மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டு வந்த ஒரு தகப்பன், முதல் படத்தைப் பார்த்ததும் இடுப்பெலும்பு என்றார். அடுத்தது விலா. வண்ணப் படத்தில்கூட முதுகுத்தண்டுதான். உடம்பைப் பற்றி ஓயாத பயம், பிள்ளை வளர்க்கும் பக்குவம் இல்லை என்று மேடம் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்.

தீர்ப்பு நாளன்று வராந்தா பெஞ்சில் அந்தத் தகப்பனின் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேடம் பேச்சுக் கொடுத்தார்.

"அப்பா எங்கம்மா?"

"தண்ணி வாங்கப் போயிருக்காரு. லீவு போட்டுட்டு வந்திருக்காரு. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கிறவரு. நாளெல்லாம் எலும்புதான் பாப்பாரு."

மேடம் நீதிபதியின் அறைக்கு ஓடாத குறையாகப் போனார்.

"ஐயா, அந்த அறிக்கையைத் திருப்பிக் குடுங்க. எலும்பு பாக்கிறது அவர் பொழப்பு. நான் அதைக் கோளாறுன்னு எழுதிட்டேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அறிக்கையை எடுத்து நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"போன மாசம் ஒரு அம்மாகிட்டேர்ந்து பையனைப் பிரிச்சேன். அதுவும் நீங்க எழுதினதை நம்பித்தான். அந்த அம்மா என்ன வேலை பாக்கிறாங்க?"

படத்துக்குப் படம் நெருப்பு, புகை என்றே சொன்ன பெண். எழுந்து போகும்போது, "சரியாச் சொன்னேனா மேடம்?" என்று கேட்டவள். அந்த முகம் அப்படியே மேடத்தின் கண் முன் வந்து நின்றது.

"கேக்கலைங்க ஐயா," என்றார். "யாரையுமே கேட்டதில்லை."