எழுபத்தெட்டு மைல் மத்தியானம்

ஆர்லிஸ் ஹாகனின் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்பது அந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஐம்பத்தைந்து மைல் போகலாம் என்று பலகை சொன்னால் ஐம்பதில் போவாள். தூறல் விழுந்தால் நாற்பது. ஒரு தடவை டிராக்டர்காரனே பின்னாலிருந்து ஹாரன் அடித்தான் என்று அவள் புருஷன் வெர்லின் சொல்வார். அவர் சொன்னால் நம்பலாம், வாயைத் திறப்பதே அபூர்வமான மனுஷன்.

பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே லூத்தரன் தேவாலயத்தின் பழைய வேன் சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. சொந்தமாக வண்டி ஓட்ட முடியாத கிழங்களை ஏற்றி இறக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வியாழக்கிழமை முடி அலங்காரக் கடை, நடுவில் கண் டாக்டர், பல் டாக்டர். நிரந்தரப் பயணிகள் மூன்று பேர். முன் சீட்டில் செல்மர் பிரெக்கி, தொண்ணூற்றொரு வயது. ஆயுசு முழுக்க சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு பயிரிட்டவர், மகள் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டதை இன்னும் மன்னிக்கவில்லை. பின் சீட்டில் ஓப்பல், தலைமுடிக்காகவே உயிர் வாழ்கிறவள். அவள் பக்கத்தில் லூவர்ன். காது மந்தம், ஆனால் கேட்க வேண்டாததெல்லாம் பளிச்சென்று கேட்கும்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பனியெல்லாம் உருகி, ரோடு காய்ந்து, ஜன்னலை இறக்கலாம் என்று தோன்றிய முதல் நாள். பக்கத்து ஊர் தீயணைப்புக்காரர்கள் வருஷா வருஷம் போடுகிற பேன்கேக் விருந்துக்குப் போய்விட்டு நாலு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வயிறு நிறைந்திருந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு மண், நடுவில் ரோடு நேராக வானம் வரைக்கும் போயிற்று. ஒரு வளைவு கிடையாது.

செல்மர் கழுத்தை நீட்டி வேகமானியைப் பார்த்தார்.

“ஏம்மா ஆர்லிஸ், இதுல அம்பதுக்கு மேலயும் நம்பர் போட்டிருக்கானே, அது என்ன அலங்காரத்துக்கா?”

ஆர்லிஸ் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அவள் என்ன நினைத்தாளோ, வலது காலைக் கொஞ்சம் அழுத்தினாள். முள் அறுபதைத் தொட்டது. இன்னும் அழுத்தினாள்.

“ஐயோ, என் தலைமுடி!” என்று அலறினாள் ஓப்பல். ஆனால் ஜன்னலை மட்டும் ஏற்றவில்லை.

எழுபது. லூவர்ன் திடீரென்று ஞானப்பாட்டு ஒன்றை எடுத்தாள், ஆராதனையில் ஒரு நாளும் பாடாத ஸ்தாயியில். செல்மர் டாஷ்போர்டில் தாளம் போட்டார். எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. பழைய வேன் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு ஓடியது. ஆர்லிஸுக்கு நெஞ்சு அப்படியே நிறைந்துபோயிற்று. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருக்கிறதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எதிரில் ஒரு பிக்கப் வண்டி வந்தது. அந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவன் தெரிந்தவனோ தெரியாதவனோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டாமல் போனால் அது மரியாதைக் குறைவு. இவன் விரலைத் தூக்கவில்லை. விளக்கை இரண்டு தடவை பளிச் பளிச்சென்று போட்டுக் காட்டினான். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அதற்கு அர்த்தம், உலகத்தில் எந்த டிரைவருக்கும் தெரியும். இவர்களுக்கு மட்டும் தோன்றவில்லை.

“பாரு, நம்மளப் பாத்து சந்தோஷப்படறான்!” என்றார் செல்மர்.

விரல் போதாது என்று நாலு பேரும் கையையே ஆட்டினார்கள். நிதானமாக ஆட்ட வேண்டுமே என்று ஆர்லிஸ் காலைக் கொஞ்சம் தளர்த்தவும் செய்தாள். தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த போலீஸ் வண்டியின் வேகம் அளக்கிற கருவி அவளைப் பிடித்தது அந்த நேரத்தில்தான். எழுபத்தொன்று.

இறங்கி வந்த போலீஸ்காரன் ட்ரெவர். அவளுடைய பஸ்ஸில் பத்து வருஷம் போய் வந்தவன், அதிலேயே வாந்தி எடுத்தவன். ஜன்னலில் குனிந்தவன் முகம் வெளுத்துவிட்டது.

“மிஸஸ் ஹாகன்! நீங்களா? பிரேக் கிரேக் போயிடுச்சா?”

“இல்லப்பா ட்ரெவர், பிரேக் நல்லாத்தான் இருக்கு.”

“உடம்புக்கு ஏதாவது?”

“உடம்பும் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப ஏன்?”

“பேன்கேக்ல என்னமோ போட்டுட்டானுங்க தம்பி,” என்றார் செல்மர்.

ட்ரெவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சும்மா விட்டுவிடலாம் என்றால் சட்டையில் மாட்டியிருந்த காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அபராத டிக்கெட்டை எழுதிக் கொடுத்தான்.

அபராதம் பெரிய விஷயமில்லை, தபாலில் கட்டிவிட்டுப் போகலாம். வேறொன்று இருந்தது. திங்கட்கிழமை தேவாலயத்து பாஸ்டர் ஜென் ஒரு கேக்கோடு வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண், முப்பது வயதுகூட இருக்காது. கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் கேக்கோடுதான் வருவாள்.

“டிக்கெட் உங்க பேர்ல நின்னுடுச்சுன்னா மூணு வருஷத்துக்கு வேன் சாவி உங்ககிட்ட இருக்கக் கூடாதாம். இன்ஷூரன்ஸ்காரங்க சொல்லிட்டாங்க.”

“வேற யாரு ஓட்டுவா?”

“போன வருஷம், உங்களுக்கு லீவு வேணும்னா ஒரு ஆள் இருக்கட்டுமேன்னு ஆராதனையில மூணு வாரம் கேட்டுப் பாத்தேன். ஞாபகம் இருக்கா? ஒருத்தர் கை தூக்கல.”

சாவி போனால் செல்மர் வீட்டில் கிடப்பார். மூன்று வருஷம் என்பது தொண்ணூற்றொரு வயதுக்காரருக்கு எவ்வளவு என்று ஆர்லிஸ் கணக்குப் போடவில்லை. போடப் பிடிக்கவில்லை.

தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காபியும் லெஃப்ஸா என்கிற உருளைக்கிழங்கு ரொட்டியும் வைத்துக்கொண்டு மூன்று பயணிகளும் ஆலோசனை நடத்தினார்கள். கோர்ட்டில் எதிர்த்து நிற்பது என்று முடிவாயிற்று. ஆர்லிஸைக் கேட்டுச் செய்த முடிவு அல்ல.

“அந்த ஓட்ட வண்டி எழுபது போகாதுன்னு நான் சத்தியம் பண்றேன்,” என்றார் செல்மர். “மெக்கானிக்கே வந்தாலும் நம்புவான்.”

“நீ ஓட்டற லட்சணம் ஊருக்கே தெரியும் ஆர்லிஸ்,” என்றாள் ஓப்பல். “வேகமாப் போனன்னு யாராவது சொன்னா சிரிப்பாங்க. இத்தன வருஷமா நீ எங்கள சாகடிச்சதுக்கு இப்பவாவது ஒரு பிரயோஜனம் வேணாமா?”

“நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிடறேன்,” என்றாள் லூவர்ன்.

“நீ கத்திப் பாடிட்டில்ல இருந்த!”

“தூக்கத்துல பாடுவேன்.”

ஆர்லிஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டிக்கெட்டில் ‘குற்றம் செய்யவில்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டுத் தபாலில் சேர்த்தும் விட்டாள். அன்றிலிருந்துதான் தொல்லை பிடித்தது. அதற்கு முன்பெல்லாம் பாத்திரம் கழுவும்போது அந்த மத்தியானம் தானாக வந்து நிற்கும், காற்றும் பாட்டும் முள்ளும். இப்போது அது வருவதில்லை. வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மே கடைசியில் மளிகைக் கடையில் ட்ரெவர் எதிர்ப்பட்டான். பால் டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“மிஸஸ் ஹாகன், உங்க கேஸு ஜூன் ரெண்டாம் வாரம்தானே? எனக்கு அந்த வாரம் லீவு. ஏரிக்கு மீன் பிடிக்கப் போறேன். ரொம்ப நாளாப் போட்ட பிளான்.”

டிக்கெட் எழுதின போலீஸ்காரன் வரவில்லையென்றால் கேஸ் நிற்காது. ஆர்லிஸ் பொய் சொல்லக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இதைவிடச் சுலபமாக யாருக்கு என்ன கிடைக்கும்?

“மீன் நல்லாக் கிடைக்கட்டும்ப்பா,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கோர்ட் அன்று காலைச் சாப்பாட்டில் வெர்லின் அவளைப் பார்த்தார்.

“எவ்ளோ போன?”

இரண்டு மாதமாக அவர் கேட்கவே இல்லை. “எழுபத்தெட்டு,” என்றாள்.

“அந்த வேன்லயா?” வெர்லின் ரொட்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வந்தது பொறாமைதான், வேறு எதுவுமில்லை. “எப்டி இருந்துச்சு?”

அவர்கள் ஊரில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. மகன் கல்யாணம் எப்படி நடந்தது? மோசமில்லை. விளைச்சல்? மோசமில்லை. ஐம்பது வருஷமாகக் காத்திருந்து பார்த்த கடல்? அதுவும் மோசமில்லை. ஆர்லிஸும் வாயைத் திறந்து அதையே சொல்லப் பார்த்தாள். சொல் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

கோர்ட்டில் முன் வரிசையில் மூன்று சாட்சிகளும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஓப்பல் அதற்கென்றே முடி சுருட்டியிருந்தாள். நீதிபதி கெஸ்லர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற, கண்டிப்பான அம்மாள். போலீஸ்காரனுக்கான நாற்காலி காலி. அரசாங்க வக்கீல் எழுந்து, சாட்சி வரவில்லை, மேற்கொண்டு நடத்த வழியில்லை என்றார்.

“அப்படின்னா இந்த வழக்கைத் தள்ளு…” என்று ஆரம்பித்தார் நீதிபதி.

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றாள் ஆர்லிஸ்.

“மிஸஸ் ஹாகன், உக்காருங்க. நீங்க ஜெயிக்கப் போறீங்க.”

“தெரியும்மா. அதான் எந்திரிச்சேன்.” “நான் வேகமாத்தான் போனேன். இல்லைன்னு குறி போட்டது தப்பு. அத எழுதினதுலேருந்து எனக்கு அந்த மத்தியானமே இல்லைன்னு ஆயிடுச்சு. எனக்கு அது திரும்ப வேணும்.”

பின்னால் ஓப்பல் “போச்சு!” என்றாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “எழுபத்தொரு மைல் போனத ஒத்துக்கறீங்களா?”

“எழுபத்தொண்ணா!” செல்மர் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். அந்த வண்டி எழுபது போகாது என்று சத்தியம் பண்ண வந்த ஆள். “யாரு சொன்னது எழுபத்தொண்ணுன்னு? எழுபத்தெட்டு! என் கண்ணால பாத்தேன். அந்த விளக்குக்காரனுக்குக் கை காட்ட வேகத்தக் கொறச்சா, அதுக்குன்னு ஏழு மைலத் திருடிடுவாங்களா?”

“உக்காருங்க பெரியவரே.”

“உக்காரறேன். எழுபத்தெட்டு.”

வக்கீல் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். நீதிபதி யாரும் சிரிக்கக் கூடாது என்பது போல நாலு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“மிஸஸ் ஹாகன், இதுக்காக வருத்தப்படறீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் அந்த அம்மாள் வழி விட்டிருந்தார்.

“வயசானவங்கள வெச்சுக்கிட்டு அப்படிப் போனது தப்பு. ஏதாவது ஆயிருந்தா என் ஆயுசுக்கும் ஆறியிருக்காது. இனிமே செய்ய மாட்டேன், அத மனசாரச் சொல்றேன். ஆனா அந்த மத்தியானத்துக்கு வருத்தப்படச் சொன்னா என்னால முடியாதும்மா. அவ்ளோ நல்லா இருந்துச்சு. என் வாழ்க்கையில அவ்ளோ நல்லா ரொம்பக் கொஞ்சந்தான் இருந்திருக்கு.”

அந்த மாவட்டக் கோர்ட்டில் திருட்டை ஒத்துக்கொண்டவர்கள் உண்டு, அடிதடியை ஒத்துக்கொண்டவர்கள் உண்டு. சந்தோஷத்தை ஒத்துக்கொண்ட முதல் ஆள் ஆர்லிஸ் ஹாகன்தான். கடைசி வரிசையில் நின்றிருந்த வெர்லின் இருமுகிற மாதிரி கர்சீப்பை எடுத்தார்.

நீதிபதி கெஸ்லர் பேனாவை மூடி வைத்தார்.

“ஒரு வருஷம் இந்த வழக்க நிறுத்தி வைக்கறேன். கோர்ட் செலவக் கட்டுங்க. அதுக்குள்ள ஒரு மைல் அதிகமாப் போனாலும் ரெண்டுக்கும் சேத்துத் தண்டனை. ஒழுங்கா ஓட்டினா இது உங்க பேர்லயே ஏறாது. சாவிய நீங்களே வெச்சுக்கலாம். பெரியவரே, உங்களுக்கும்தான் சொல்றேன். இனிமே அவங்களத் தூண்டி விடாதீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலியே,” என்றார் செல்மர். “சந்தேகந்தான் கேட்டேன்.”

வெளியே நல்ல வெயில். ஆர்லிஸ் மூன்று பேரையும் ஏற்றி, பெல்ட் போட்டாயிற்றா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, சாவியைத் திருகினாள். சிரிப்பு வந்தது. ஊரைத் தாண்டினதும் முள்ளை ஐம்பதிலேயே நிறுத்திக்கொண்டாள். பின்னால் ஒவ்வொன்றாக வண்டிகள் சேர ஆரம்பித்தன. பின் சீட்டில் ஓப்பல் முடியைத் தடவிக்கொண்டே பெருமூச்சு விட்டாள். லூவர்ன் நிஜமாகவே தூங்கிவிட்டாள்.

பீட் வயல்களில் பச்சை அப்போதுதான் வரிசை கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே செல்மர் விரல்விட்டு என்னவோ எண்ணினார்.

“என்ன கணக்கு?” என்றாள் ஆர்லிஸ்.

“ஒரு வருஷம்னுதானே சொன்னாங்க அந்தம்மா? அடுத்த ஜூன்ல முடிஞ்சிடும்.”

“முடிஞ்சிடும்.”

செல்மர் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைச் சரி பண்ணிக்கொண்டார்.

“இந்த வருஷம் போய்ச் சேந்துடலாம்னு இருந்தேன் ஆர்லிஸ். இப்ப முடியாது போலிருக்கே.”